ஒற்றைப் பலகை

மலைகளுக்கு நடுவே நுழைந்து கிடக்கும் கடல்நீரான ஃபியோர்டிலிருந்து ஏறிவந்த மூடுபனி, போக மனமில்லாமல் பிர்ச் மரங்களின் இடுப்பைக் கட்டிக்கொண்டு நிற்கிறது. மஞ்சள் இலை விழுகிற சத்தம்கூடக் கேட்கிறது. கீழே எங்கோ படகு ஒருமுறை ஊதி அடங்குகிறது. பாறைகளில் வழிக்குறி பூசும் சிவப்புப் பெயிண்ட் டப்பாவோடு, சதுப்பின்மேல் போட்ட ஒற்றைப் பலகையில் குன்வோர் நடக்கிறாள். பலகை லேசாக ஆடுகிறது. எதிரே பனிக்குள் ஒரு நீலத் தொப்பி, பிறகு ஒரு முகம். தங்கை தொர்தீஸ். அப்பாவின் படகுக் கொட்டகையை இவளைக் கேட்காமல் குன்வோர் விற்றதிலிருந்து, ஒன்பது வருடமாகப் பேச்சில்லை. ஊருக்குள் என்றால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விடலாம். அங்கே யாரும் யாருக்கும் வணக்கம் சொல்வதில்லை. காட்டில் அது நடக்காது. காட்டுப் பாதையில் எதிரே வருகிறவருக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் கடப்பவர் இந்த நாட்டிலேயே இல்லை.

"ஹேய்," என்கிறாள் குன்வோர், முன்பின் தெரியாதவளிடம் சொல்வதுபோல.

"ஹேய்," என்கிறாள் தொர்தீஸ், அதே அளவு குரலில்.

பலகையில் ஒருவர்தான் போகலாம். குன்வோர் மலைப்பக்கச் சேற்றில் இறங்குகிறாள். அதே நொடியில் தொர்தீஸ் நீர்ப்பக்கம் இறங்குகிறாள். கணுக்காலைத் தாண்டிக் குளிர் ஏறுகிறது. நடுவே பலகை காலியாகக் கிடக்கிறது.

"நான்தான் இறங்குறேனே, நீ எதுக்குடி இறங்குனே?"

"நீ எந்தக் காலத்துலக்கா விட்டுக்குடுத்திருக்கே? அதான் நானே இறங்கிட்டேன்."

இருவரும் ஏறுவதாக இல்லை. குன்வோர் கையிலிருந்த டப்பாவைப் பலகைமேல் வைக்கிறாள். தொர்தீஸ் முதுகுப்பையிலிருந்து காப்பி பிளாஸ்க்கை எடுத்து, பலகையில் சிவப்பு டப்பாவுக்குப் பக்கத்தில் வைக்கிறாள். ஊற்றிக் குடிக்க மூடி ஒன்றுதான் இருக்கிறது.