பன்னிரண்டாம் நம்பர் மேஜை

சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குச் சந்தைக்கு வந்த ஆர்வில், தன் மேஜையைப் பார்த்ததும் கொதித்துப் போனார்.

மேஜை நிறைய, வெள்ளரிக்காய் மாதிரி இருக்கும் சுக்கினிக்காய். போதாததற்கு பீன்ஸ், தக்காளி, ஒரு கூடை சோளக்கதிர்.

"மனுஷன் நொந்து கிடக்கறப்பகூட விளையாட்டா?" என்று பல்லைக் கடித்தார்.

அவர் கோபத்தில் நியாயம் இருந்தது. அமெரிக்காவில், விஸ்கான்சின் மாநிலத்தின் அந்தச் சின்ன ஊரில் யாரும் காரைப் பூட்டுவதில்லை, ஆகஸ்ட் மாதம் தவிர. ஆகஸ்டில் சுக்கினி காய்த்துத் தள்ளும். தின்று மாளாது. பூட்டாத கார் கண்ணில் பட்டால் போதும், பின்சீட்டில் நாலு காயைப் போட்டுவிட்டு நழுவிவிடுவார்கள். எல்லோரும் செய்வதுதான். ஆர்விலும் செய்திருக்கிறார்.

ஆனால் இந்த வாரமா?

செவ்வாய்க்கிழமை பெய்த ஆலங்கட்டி மழை, அக்கம்பக்கத்து வயலையெல்லாம் விட்டுவிட்டு, ஆர்விலின் ஆறு ஏக்கரை மட்டும் துவைத்துப் போட்டிருந்தது. ஒரு தக்காளிகூட மிஞ்சவில்லை. சந்தையில் மேஜை காலியாகக் கிடந்தால், காத்திருக்கும் அடுத்த ஆளுக்கு அது போய்விடும். இருபத்திரண்டு வருஷமாக அவருக்குச் சோறு போட்ட மேஜை. யாரோ வந்து பிடுங்குவதற்கு முன்னால், தானே மரியாதையாக ஒப்படைத்துவிடலாம் என்றுதான் வந்திருந்தார்.

"டெல்மர், இது உன் வேலையா?"

பக்கத்து மேஜை டெல்மர், தேன் பாட்டில்களை அடுக்குவதில் திடீரென்று மும்முரமானார்.

"எனக்கென்னப்பா தெரியும்? காய் வந்திருக்கு. பேசாம வித்துட்டுப் போயேன்."

"விக்கறதா?"

அப்போதுதான் ஆர்விலுக்கு உறைத்தது. சுக்கினியைத் தள்ளிவிடுவார்கள், சரி. பழுத்த தக்காளியை யார் தள்ளிவிடுவார்கள்? மஞ்சள் கோடு போட்ட இந்தத் தக்காளி, ஊரிலேயே எதிர் மேஜை ஜோனெல்லின் தோட்டத்தில் மட்டும்தான் உண்டு. அவர் பார்ப்பது தெரிந்ததும் ஜோனெல் சட்டென்று குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுவதுபோல் பாவனை செய்தாள். அவள் போட்டிருந்தது செருப்பு.

ஆர்வில் அதில் ஒரு தக்காளியைக் கையில் எடுத்துப் பார்த்தார். பாவிகளா, உங்களைப் போய்த் திட்டினேனே என்று நினைத்துக்கொண்டார்.

"சீக்கிரம் விலையை எழுதிப் போடு," என்று கிசுகிசுத்தார் டெல்மர். "வெர்னா வராங்க."

வெர்னாதான் சந்தையின் நிர்வாகி. இங்கே விற்கும் சரக்கு முப்பது மைலுக்குள் விளைந்ததாக இருக்க வேண்டும், விளைவித்தவரேதான் விற்க வேண்டும். இந்தச் சட்டத்தை எழுதியதே அந்த அம்மாள்தான். போன வருஷம், வெளியூர் ஆரஞ்சு கொண்டுவந்த சொந்தத் தம்பியையே கூடையோடு வெளியே அனுப்பியவர்.

வெர்னா வந்தார். மேஜையை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆர்வில், இதெல்லாம் உங்க நிலத்துல விளைஞ்சதா?"

வெர்னாவின் முதுகுக்குப் பின்னால் நின்று டெல்மர், 'ஆமாம்னு சொல்லு' என்று ஜாடை காட்டினார்.

"இல்ல வெர்னா," என்றார் ஆர்வில். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். "ஒண்ணுகூட என்னோடது இல்ல."

"அப்ப நீங்க விக்க முடியாது. இந்தப் பக்கம் வாங்க."

சந்தையே வேலையைப் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தது.

ஜோனெல்லுக்குப் பொறுக்கவில்லை. "ஒரு நாள் கண்டுக்காம இருந்தா என்ன குடி முழுகிடும்? உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான். இந்தத் தக்காளி யாரோடது?"

"என்னோடதுதான்."

"அப்ப இங்க வந்து நில்லு. பீன்ஸ் யாரோடது?"

டெல்மர் பள்ளிக்கூடப் பையன்போலக் கையைத் தூக்கினார். சோளத்துக்கு இரண்டு பேர் வந்தார்கள். சுக்கினிக்கு ஒன்பது பேர்.

"ஒன்பது பேரா?" வெர்னாவின் புருவம் உயர்ந்தது. "சரி, நெருக்கி நில்லுங்க. மத்தியானம் வரைக்கும் உங்க காயை நீங்களே விக்கறீங்க."

அவரவர் மேஜையை வீட்டு ஆட்களிடம் ஒப்படைத்துவிட்டு, ஒரே மேஜைக்குப் பின்னால் பதின்மூன்று பேரும் முட்டி மோதிக்கொண்டு நின்றார்கள். எல்லோரும் வெர்னாவை எரித்துவிடுவதுபோல் பார்த்தார்கள். அவரோ நோட்டைப் பிரித்து, 'பன்னிரண்டாம் மேஜை, காலி இல்லை' என்று எழுதிக்கொண்டிருந்தார்.

ஆர்வில் யாரையும் குறை சொல்லவில்லை. அவ்வளவுதான், நம் கதை முடிந்தது என்று தோன்றியது. பழக்கதோஷத்தில் கொண்டுவந்திருந்த, காசு போடும் தகர டப்பாவை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வண்டியைப் பார்த்து நடந்தார்.

"நில்லுங்க."

வெர்னா பின்னாலேயே வந்து டப்பாவை வாங்கினார். திரும்ப நடந்து, அதை மேஜைக்கு நடுவில் வைத்து மூடியைத் திறந்துவிட்டார்.

"விளைவிச்சவங்கதான் விக்கணும்னு சட்டத்துல இருக்கு, ஆர்வில். காசு யாரோட டப்பாவுல விழணும்னு ஒரு வரிகூட இல்ல. எழுதினவளுக்குத் தெரியாதா?"