விதையில்லாத பெருமை

ஒரே தட்டில் பச்சைத் திராட்சையும் பன்னீர் திராட்சையும் இருந்தன.

"எனக்கு விதையே கிடையாது," என்றது பச்சை. "அப்படியே விழுங்கலாம். காயவைத்தால் பாயசத்தில் போடலாம். உன்னை ஜூஸ் போட்டால்கூட வடிகட்டணும்."

பொய்யில்லையே என்று நினைத்துக்கொண்டது பன்னீர்.

மரகதவல்லியும் அவள் கணவரும் தட்டோடு மாடிக்குப் போனார்கள். பச்சையைப் பேச்சுவாக்கில் அள்ளி வாயில் போட்டார்கள். பன்னீரை மட்டும் ஒவ்வொன்றாகச் சப்பி, தரையில் ஒரு கோடு கிழித்து நின்று, எதிரே இருந்த செம்பருத்தித் தொட்டியில் விழும்படி போட்டிபோட்டு விதையைத் துப்பினார்கள்.

"கோட்டைத் தாண்டி நிக்கிறீங்க. இது செல்லாது," என்றாள் மரகதவல்லி. இருவருக்கும் சிரித்துச் சிரித்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

தட்டில் மிஞ்சிய பச்சைத் திராட்சை, பக்கத்திலிருந்த கடைசிப் பன்னீரிடம் மெதுவாகக் கேட்டது.

"உன்கிட்ட ரெண்டு விதை இருக்கே, ஒண்ணு தர்றியா?"