ஒழுகாத டிஷ்

“டிஷ் மாட்ட இரும்புக் குழாய் வேணும்ணே. புதுசு விலை கேட்டாலே மயக்கம் வருது.”

சபாக் ஊரின் பழைய இரும்புக் கடையில் சத்தியசீலன் நிமிர்ந்தார். கேட்டவள் தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீடுகளிலிருந்து வந்திருந்த புஷ்பவதி.

“டிஷ்ஷை சுவத்துலயே மாட்டலாமேம்மா?”

“பெரிய டிஷ்ணே. மேனேஜர் பங்களாவுல கழட்டிப் போட்டது. பத்தடி அகலம்.”

“வலை டிஷ்ஷா? காத்து புகுந்து போயிரும். மெல்லிசுக் குழாயே போதும்.”

“வலை இல்ல. தண்ணி ஊத்திப் பார்த்துட்டேன், சொட்டுக்கூட ஒழுகல.”

டிஷ்ஷில் எதற்குத் தண்ணீர்? அவருக்குப் புரியவில்லை.

“நாலடிக் குழாய் ஒண்ணு இருக்கு. மலிவுதான்லா.”

“பத்தாதுண்ணே. மண்ணுல புதைச்சது போக எட்டடி நிக்கணும். தலை இடிக்கக்கூடாது.”

“யார் தலை?” அவர் இன்னும் குழம்பினார். “சரி, டிஷ்ஷை எந்தப் பக்கம் திருப்புவீங்க?”

“தரையைப் பார்த்து.”

“கவுத்து வச்சா ஒரு சேனலும் வராதும்மா!”

“எங்க வீட்டுல டிவியே இல்லண்ணே. ரோட்டு முனையில பேக்டரி பஸ் வர்ற வரைக்கும் நாங்க பதினோரு பொம்பளைங்களும் மழையில நனையாம நின்னா போதும்.”