பஸ்ஸில் வருகிற ‘ப’

போத்தல் அவன் பக்கம் சாய்ந்தது.

சொல்லுங்கோ, சொல்லுங்கோ என்று அவள் மனதுக்குள் கெஞ்சினாள்.

ஒரே ஒரு சொல். பஸ்தா. இத்தாலிக்காரர் பாஷையில் ‘போதும்’. ஒரு வாரமாக அடுப்படியில் வைத்துப் படிப்பித்திருந்தாள். “பல்லில வாற ப இல்லையப்பா, பஸ்ஸில வாற ப. பஸ்ஸைக் கேக்கிற மாதிரிச் சொல்லுங்கோ. பஸ் தா.”

அவன் யாழ்ப்பாணத்திலிருந்து பலேர்மோவுக்கு வந்து கொஞ்ச நாள்தான். நாக்கு இன்னும் ஊரில்தான் இருந்தது.

வாயைத் திறந்தான். பல்லில் வருகிற ப வந்தது.

“பாஸ்தா.”

சிஞ்ஞோராவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அவள் வேலை செய்கிற வீட்டுக்காரம்மா. உன் புருஷன் வந்திருக்கிறானாமே என்று இருவரையும் ஞாயிறு மத்தியானம் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். பாஸ்தாதானே கேட்டான்? மட்டி போட்ட ஸ்பகெட்டியை இன்னும் ஒரு அகப்பை அள்ளி அவன் தட்டில் வைத்தார்.

பிறகு, விட்ட இடத்திலிருந்து, கிளாஸை நிரப்பினார்.

வெள்ளை வைன். குளிரில் கிளாஸ் வியர்த்தது. தேசிக்காய்ப் புளிப்பு வாசம் மேசையைத் தாண்டி அவள் மூக்குக்கு வந்தது. அவளுக்கே வந்தது என்றால் அவனுக்கு வராமலா இருக்கும்?



என் மனுசன் குடிக்கமாட்டார் என்று முன்கூட்டியே சொல்லித்தான் இருந்தாள். சிஞ்ஞோரா கேட்கவேண்டுமே. இது குடியா? இது மீனுக்கு! மட்டிக்கு இதுதானாம். பொரித்த நெத்தலிக்கும் இறாலுக்கும் ஆட்டுப்பால் சீஸுக்கும் இதுதானாம். தண்ணீரைக் குடித்தால் தின்ற மீன் வயிற்றுக்குள் மறுபடி நீந்தப் போய்விடுமாம்.

இந்த ஊரில் சாப்பாட்டுக்கும் குடிக்கும் நடுவில் வேலி கிடையாது.

அவள் இடது புருவத்தில் ஒரு கீற்றுக்கு மயிர் முளைப்பதில்லை. அது ஊரில் ஒரு போத்தல் செய்த வேலை. குடியை விட்டுவிட்டேன் என்று அவன் சத்தியம் பண்ணிய பிறகுதான் இங்கே கூப்பிட்டாள். வந்த வாரமே அவன் வெறுங்காலோடு மலையேறி, அங்கே கோயில் கொண்ட ரொசாலியா மாதாவிடம் நேர்ந்து, கையில் நூல் கட்டிக்கொண்டான். இனித் தொட்டால் நான் கதவு திறக்கமாட்டேன் என்று அவளும் சொல்லிவிட்டாள்.

சொன்னால் சொன்னதுதான். அதனால்தான் இவ்வளவு பயம்.

நூல் கட்டிய கை கிளாஸுக்குப் பக்கத்தில் கிடந்தது.

விரல்கள் கிளாஸின் காம்பைப் பிடித்தன.

சும்மா பிடிக்கிறார், அவ்வளவுதான் என்று தனக்கே பொய் சொன்னாள்.

கிளாஸ் மேசையை விட்டு எழும்பியது.

அவள் எட்டிப் பிடுங்கினாள். சிஞ்ஞோரா பார்த்துக்கொண்டிருந்தார். திருப்பி வைக்கவும் முடியாது, கொட்டவும் முடியாது. கண்ணை மூடிக்கொண்டு ஒரே மூச்சில் குடித்தாள். பிறந்ததிலிருந்து ஒரு சொட்டுத் தொட்டவளில்லை.

கசக்கும் என்று நினைத்தாள்.

கசக்கவில்லை. குளிர்ச்சியாகப் புளித்தது. அடியில் கொஞ்சம் கடல் உப்பு. அதுவரை வெறும் மட்டியாக இருந்த மட்டி வாய்க்குள் இனித்தது. நெஞ்சில் வருஷக்கணக்காகக் கிடந்த கல் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்தது.

கடவுளே, இவ்வளவு நல்லதா இது?

சிஞ்ஞோரா கைதட்டினார். போத்தல் இப்போது அவள் பக்கம் சாய்ந்தது.

சொல்லவேண்டிய சொல் அவளுக்குத் தெரியும். அவள் படிப்பித்த சொல்தானே.

வாய் வரவில்லை. கிளாஸை நீட்டியபடியே இருந்தாள்.

அவன் அவளையே பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்கு நன்றாகப் பழக்கம். இத்தனை வருஷமாக அவள் அவனைப் பார்த்த பார்வை.

நூல் கட்டிய கை வந்து அவள் கிளாஸின் வாயை மூடியது.

“பஸ்தா” என்றான்.

பஸ்ஸில் வருகிற ப.