கிளம்பாத வண்டி

"பெத்த புள்ள கப்பல்ல வந்து எறங்குறதப் பாக்கணும்னு பொண்டாட்டி கெஞ்சறா. மூணு மாசமா வண்டி ரிப்பேர், வண்டி ரிப்பேர்னு ஒரே பதில். இவரெல்லாம் ஒரு மனுஷனா?"

ரெட்டியார்பாளையத்தில் அந்தத் தெருவே அரிகிருஷ்ணனைப் பற்றி இப்படித்தான் பேசியது.

பிரெஞ்சுக்காரர் காலத்தில் அவர் கோர்ட்டு குமாஸ்தா. மூன்று வருஷத்துக்கு முன் அவர்கள் ஊரைவிட்டுக் கிளம்பியபோது, ஒரு துரையின் பழைய காரை வாங்கி வீட்டோரம் கொட்டகை போட்டு நிறுத்தியிருந்தார். மனைவி தையல்நாயகி பக்கவாதத்தில் படுத்த படுக்கை. ஒரே மகன் ராமதாஸ் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து அல்ஜீரியாவில் இருந்தான். லீவு கிடைத்ததும் கப்பலேறி வருகிறேன் என்று எழுதியிருந்தான். அதற்குப் பிறகு கடிதம் இல்லை.

கப்பல் வரும் செய்தி ஊருக்குள் வந்துவிட்டால் தையல்நாயகியின் குரல் அடுத்த வீடுவரை கேட்கும்.

"என்னங்க, கப்பல் வருதாமே. பின் சீட்டுல படுக்க வச்சி என்னைக் கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போங்களேன்."

"எஞ்சின் பிளக்கு போயிடுச்சி நாயகி. பாரீசுலேருந்து வரணும். வந்ததும் போலாம்."

அடுத்த வீட்டுக் கன்னியப்பன் மோட்டார் பட்டறையில் மெக்கானிக். ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டுவிட்டான்.

"ஐயா, எங்க பட்டறையிலயே பிளக்கு இருக்குது. அரை மணி வேலை. நான் மாத்தித் தரேன்."

"வேணாம்."

"வாடகைக் காராவது வச்சி..."

"உன் வேலையப் பாத்துக்கிட்டுப் போ." அரிகிருஷ்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

கன்னியப்பனுக்கு ஆறவில்லை. மறுநாள் கப்பல் என்று தெரிந்த ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் மார்க்கெட்டுக்குப் போகும்வரை காத்திருந்தான். பிறகு நாலு பிளக்கும் ஒரு பேட்டரியும் சைக்கிளில் வைத்துக் கொட்டகைக்குத் தள்ளிக்கொண்டு வந்தான்.

"யாரது?" ஜன்னல் வழியே தையல்நாயகியின் குரல்.

"நான்தான்க்கா, கன்னியப்பன். பிளக்கு மாத்தப் போறேன். நாளைக்கு நீங்க கடற்கரைக்குப் போலாம்."



"வேணாம் தம்பி. அவரு வந்துடட்டும்."

புருஷனுக்குப் பயந்து சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டான்.

பானெட்டைத் திறந்தால், எஞ்சினில் பிளக் ஒன்றுகூட இல்லை. நாலு துளையிலும் தூசி விழாதபடி துணி அடைத்திருந்தது. கழற்றிப் போட்டுவிட்டு வாங்க மனசில்லை போலிருக்கிறது என்று முனகிக்கொண்டே துணியை உருவினான். புதுப் பிளக்கை ஒவ்வொன்றாகக் கையால் சுற்றி இறக்கி, ஸ்பேனரால் முறுக்கி, ஒயரை மாட்டினான். பேட்டரியை வைத்து, வண்டியிலேயே தொங்கிய சாவியைத் திருகிவிட்டு, முன்னால் ஹேண்டில் போட்டுச் சுற்றினான்.

நாலாவது சுற்றில் வண்டி உறுமிக்கொண்டு கிளம்பியது.

தெருமுனையில் வந்துகொண்டிருந்த அரிகிருஷ்ணனுக்கு அந்தச் சத்தம் கேட்டது. பையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். வந்த வேகத்தில் சாவியைத் திருகி எஞ்சினை நிறுத்தினார். கன்னியப்பனின் கையைப் பிடித்துக் கொட்டகைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்.

திட்டப்போகிறார் என்று நினைத்து அவன் ஏதோ சொல்ல வாயைத் திறப்பதற்குள், சட்டைப் பையிலிருந்து மடித்து மடித்து நைந்துபோன ஒரு காகிதத்தை எடுத்தார்.

"தந்தி. பிரெஞ்சுல இருக்குது, உனக்குப் படிக்கத் தெரியாது. நான் சொல்றேன். ராமதாச சண்டையில சுட்டுட்டாங்க. மூணு மாசம் ஆச்சி. அங்கியே பொதச்சிட்டாங்க."

கன்னியப்பன் கொட்டகைப் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. பிளக்கக் கழட்டி ஒளிச்சு வச்சது நான்தான். அவ இதயம் தாங்காதுன்னு டாக்டரு சொல்லிட்டாரு. கடற்கரைக்குக் கூட்டிட்டுப் போயி, எல்லாரும் கப்பல்லேருந்து படகுல வந்து எறங்கி முடிஞ்சப்புறம், அவ முகத்த நான் எப்படிப் பாப்பேன்?"

அவர் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு, சத்தம் வராமல் அழுதார். உள்ளே கேட்டுவிடுமே.

கன்னியப்பன் திரும்பிப் போய் நாலு பிளக்கையும் கழற்றினான். சூடு விரலைச் சுட்டது. அவனுக்கு அது உறைக்கவில்லை.

அரிகிருஷ்ணன் முகம் கழுவக் கிணற்றடிக்குப் போனார். கன்னியப்பன் தயங்கித் தயங்கித் தையல்நாயகியின் கட்டிலருகே வந்து நின்றான்.

"மன்னிச்சிடுங்கக்கா. வண்டி மறுபடி நின்னுபோச்சி. நான் கொண்டாந்த பிளக்கு சேரல. நாளைக்குப் போக முடியாது."

அவள் அவனையே பார்த்தாள்.

"கழட்டிட்டியா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"நல்ல காரியம் செஞ்ச." அவள் குரலைத் தாழ்த்தினாள். "ராமதாசு கூடப் பட்டாளத்துல இருந்தவன் பொண்டாட்டி, போன மாசமே வந்து எங்கிட்ட அழுதுட்டுப் போயிட்டா. இவரு அப்ப வீட்ல இல்ல."

"தெரிஞ்சுமாக்கா கப்பலப் பாக்கணும்னு கேக்கறீங்க?"

"நான் கேக்காம விட்டா, எனக்குத் தெரிஞ்சிபோச்சின்னு அவருக்குத் தெரிஞ்சிடும். என்னைக் காப்பாத்தணுமேன்னுதான் தம்பி அவரு இன்னும் எழுந்து நடமாடுறாரு."