மாமியாருக்கு ஒரு கவுளி வெற்றிலை

"இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுப் போங்க, அத்தை."

கருத்தப்பாண்டி கெஞ்சியதைக் கேட்டு, அடுப்பு ஊதிக்கொண்டிருந்த சந்தனம் திரும்பிப் பார்த்தாள். போடியிலிருந்து மலையேறி வந்த தன் தாய் அழகுத்தாயைப் பார்த்து, "இந்தக் கிழவி எப்பப் போகும்?" என்று முணுமுணுத்த புருஷனா இது?

இப்போதெல்லாம் தேயிலைக்காட்டு வேலை முடிந்து வரும்போதே மாமியாருக்கு வெற்றிலையோடு வந்தான். பின்வாசல் படியில் அவளை உட்காரவைத்து, சுண்ணாம்பு டப்பியையும் அவனே நீட்டினான்.

"இன்னும் கொஞ்சம் தடவுங்கத்தை."

"வாய் வெந்துரும், மாப்ளே!"

"மலைக் குளிருக்கு அதாம் நல்லது."

லயத்து வரிசைவீட்டுப் பெண்களெல்லாம், "கருத்தப்பாண்டியப் பாத்தாவது திருந்துங்க!" என்று தங்கள் புருஷன்மாரை ஏசினார்கள்.

அழகுத்தாய் உருகிப்போனாள். மாரியம்மனைக் கும்பிட்டு வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"மாப்ளே, நீங்க நல்லா இருக்கணும்னு ஆத்தாகிட்ட நேந்துக்கிட்டேன். இனி செத்தாலும் வெத்தலயத் தொடமாட்டேன்!"

கருத்தப்பாண்டிக்கு முகம் செத்துவிட்டது. பின்வாசலை எட்டிப் பார்த்தான். அங்கே அவன் முதன்முதலாகப் போட்ட கத்தரித் தோட்டம். "மண்ணு புளிச்சுக் கிடக்கு, சுண்ணாம்பு சேரணும்" என்று துரை பங்களாத் தோட்டக்காரர் சொல்லியிருந்தார். மூட்டைச் சுண்ணாம்புக்கு அவன் எங்கே போவான்?

மாமியார் துப்பினால் எட்டுகிற தூரம்வரை செடிகள் கொழுகொழுவென்று பூத்திருந்தன. அதற்கு அப்பால் எல்லாமே மஞ்சள்.

"ஏ சந்தனம், நாளைக்குப் பொதிமாடு போடிக்கு எறங்குதாம். உங்கம்மாவுக்கு மூட்டையக் கட்டு!"