பதினேழாவது கேள்வி

“விரலை மடக்கி இறுக்கிப் பிடிச்சுக்குங்க. சுருக்குன்னு இருக்கும், அவ்வளவுதான்.”

“குத்துங்க சிஸ்டர். நான் எங்க ஓடிப்போகப் போறேன்?” என்றாள் டைம்கீப்பரம்மா.

முப்பது வருடம் பஸ் டெப்போவில் டைம்கீப்பராக இருந்தவள். டிரைவர், கண்டக்டர் அத்தனை பேருக்கும் அவள் டைம்கீப்பரம்மாதான். ஓய்வு பெற்று ஐந்து வருடமாகிறது. கணவரும் போய்ச் சேர்ந்துவிட்டார், பிள்ளை குட்டி கிடையாது. இப்போது அவளை அந்தப் பெயரிலோ வேறு பெயரிலோ கூப்பிட ஆளில்லை.

வருடத்துக்கு ஒரு முறை இந்த ஆஸ்பத்திரிக்கு வருவாள். மாதவிலக்கு நின்றுபோன பெண்களின் ரத்தத்தில் ஹார்மோன் அளவைப் பார்த்து, யார் யாருக்கு மார்புப் புற்றுநோய் வருகிறது என்று பல வருடம் தொடர்ந்து கவனிக்கும் ஆராய்ச்சி. இதில் ஏன் சேர்ந்தாள் என்று அவள் வாய் திறந்து யாரிடமும் சொன்னதில்லை. பத்து மணிக்கு வரச் சொன்னால் ஒன்பதுக்கே வந்து வராந்தா நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். இது நான்காவது வருடம்.

நர்ஸ் பஞ்சை வைத்து அவள் முழங்கையை மடக்கிவிட்டாள். அந்த விரல்கள் மணிக்கட்டில் ஒரு நொடி கூடுதலாகத் தங்கின. டைம்கீப்பரம்மா அசையாமல் இருந்தாள். வருடம் முழுக்க அவளைத் தொடுகிற கை இது ஒன்றுதான்.

“போன வருஷம் உங்களைக் காணோமே? வேற யாரோ ஒரு பொண்ணு வந்து மூணு இடத்துல குத்திச்சு.”

“லீவுல இருந்தேன்.”

“ரொம்ப இளைச்சிருக்கீங்க.”

“வயசாகுதில்ல.” நர்ஸ் தலையைக் குனிந்தபடி கோப்பைத் திறந்தாள். “போன தடவை எடுத்த ரத்தத்துல டெஸ்டோஸ்டிரோன் கொஞ்சம் அதிகமா இருக்கு.”

“அது ஆம்பளைங்க சமாச்சாரமாச்சே! அதான் டெப்போவுல அத்தனை பேரும் என்னைப் பார்த்துப் பயந்தாங்களா?”

நர்ஸுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே உதட்டை மடித்துக்கொண்டாள்.

“பொம்பளைங்க உடம்புலயும் கொஞ்சம் இருக்கும். மாதவிலக்கு நின்ன பிறகு அது அதிகமா இருக்கிறவங்களுக்கு மார்புப் புற்றுநோய் வர்ற வாய்ப்பும் கொஞ்சம் கூடுதல்னு சொல்றாங்க. வந்தே தீரும்னு இல்ல. டாக்டர் மேமோகிராம் எடுக்கச் சொல்லி எழுதியிருக்கார். எடுத்துடுங்க, தள்ளிப் போடாதீங்க.”

“எடுத்து என்ன ஆகப்போகுது? நான் இருந்தா யாருக்கு என்ன, போனா யாருக்கு என்ன?”

“அப்படிப் பேசாதீங்க.” குரல் சட்டென்று உயர்ந்து தணிந்தது. “அன்னிக்குத் துணைக்கு யாரையாவது கூட்டிட்டு வாங்க.”

“யாரை? கேஸ் சிலிண்டர் போட வர்றவரையா?”

நர்ஸ் படிவத்தை எடுத்துக்கொண்டாள். வருடா வருடம் அதே கேள்விகள். எடை கூடியதா, என்ன மாத்திரை, தூக்கம் எப்படி. மளமளவென்று குறித்துக்கொண்டே போனாள்.

“பதினேழு. அம்மாவுக்கு மார்புப் புற்றுநோய்... இல்ல.” தானே டிக் போட்டுக்கொண்டாள். “கூடப் பிறந்தவங்களுக்கு?”

“தங்கச்சி ஒருத்தி உண்டு. அவ உடம்புக்கு என்னன்னு எனக்குத் தெரியாது. பேசி பதினாலு வருஷம் ஆச்சு.”

எப்போதும் இந்த இடத்தில் ‘தெரியாது’ என்று போட்டுவிட்டு அடுத்த கேள்விக்குத் தாவிவிடும் நர்ஸ், இன்று பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

“ஏன் பேசலை?”

டைம்கீப்பரம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கீழே யாரோ ஆம்புலன்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார்கள்.

“எங்கம்மா படுத்த படுக்கையா இருந்தாங்க. ஆளுக்கு ஒரு நாள்னு பார்த்துக்கிட்டோம். அன்னிக்கு அவ முறை. வேலையில அவசரமா கூப்பிட்டாங்கன்னு ஒரு மணி நேரம் போயிட்டு வந்தா. அதுக்குள்ள அம்மா போயிட்டாங்க. வீடு நிறைய ஜனம் நிக்குது. அத்தனை பேர் முன்னாடியும், ‘நீதான்டி அம்மாவைக் கொன்னே’ன்னு சொல்லிட்டேன்.”

நர்ஸ் படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“டாக்டர் அப்பவே சொன்னார், பக்கத்துல யார் இருந்திருந்தாலும் இதான் நடந்திருக்கும்னு. எனக்கும் தெரியும். ஆனா அவ வீட்டு வாசல் ஏற இந்தக் கால் வரலை. அவ அன்னிக்கு அழக்கூட இல்ல சிஸ்டர், செருப்பை மாட்டிக்கிட்டு இறங்கிப் போயிட்டா. தனியா இருக்கிறப்ப தினமும் அவகிட்ட மன்னிப்பு கேட்கிறேன். வாய்விட்டுச் சொல்ல இப்பத்தான் வருது. தப்பு என்னோடதுதான்.”

நர்ஸ் பேனாவை எடுத்து, பதினேழாவது கேள்வியில் ‘கூடப் பிறந்தவர்கள்’ என்பதற்கு நேராக ‘ஆம்’ என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.

“நான் தெரியாதுன்னுதானே சொன்னேன்? ஆம்னு போடுறீங்க?”

நர்ஸ் முதல் முறையாக நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தாள்.

“எனக்குத் தெரியுமேக்கா,” என்றாள். “நாலு வருஷமா நாம ரெண்டு பேரும் யாரோ மாதிரி இருந்தது போதும். போன வருஷம்தான் எனக்கு இடது மார்பை எடுத்தாங்க. துணைக்கு யாருன்னு கேட்டப்ப உன் பேரைத்தான் எழுதிக் கொடுத்தேன்.”